குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வருகிறது



"நாளைக்குக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டு போகலாம்" என்று டாக்டர் சொன்னதும் தாயின் முகம் மலர்கிறது. அடுத்த நிமிடமே ஒரு பயமும் வருகிறது. "இங்கே மெஷின் இருந்தது, நர்சம்மா இருந்தாங்க. வீட்டிலே நான் ஒருத்தி எப்படிப் பார்த்துக்குவேன்?"

இந்தப் பயம் நியாயமானது. இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பாடம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீங்கள் ஒருத்தியாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒருத்தியாகப் பார்க்கவும் முடியாது. ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு நாலு வேலைகள் நடந்தன. உடம்புச் சூடு குறையாமல் பார்த்தார்கள். நேரம் தவறாமல் பால் கொடுத்தார்கள். சுத்தம் காத்தார்கள். இரவும் பகலும் கவனித்தார்கள். இந்த நாலு வேலைகளும் இனி உங்கள் வீட்டில் நடக்க வேண்டும். செய்ய வேண்டியவர் தாய் மட்டும் அல்ல. அப்பா, பாட்டி, அத்தை, சித்தி எல்லாரும்தான். ஆகவே இதை வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கூட உட்கார்ந்து கேளுங்கள்.

குறைமாதக் குழந்தை என்றால் யார்?

கர்ப்ப காலம் ஏறத்தாழ 40 வாரம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. இது அபூர்வம் அல்ல. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. பத்துக் குழந்தைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தையின் தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்கிறது. இரும்புச் சத்தும், நோயை எதிர்க்கும் சக்தியும் பெரும்பாலும் அப்போதுதான் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகின்றன. சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்யும் திறமை 34 வாரம் வாக்கில்தான் வருகிறது. முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இவை எல்லாம் அரைகுறை. அதனால்தான் அது சீக்கிரம் சில்லிட்டுப் போகிறது, பால் குடிக்கையில் களைக்கிறது, நோய் எளிதில் தொற்றுகிறது.

"நீ பப்பாளி சாப்பிட்டே, அதான் இப்படி." "மாடிப்படி ஏறினே, அதான்." இந்தப் பேச்சு வேண்டாம். இரட்டைக் கர்ப்பம், இரத்தக் கொதிப்பு, நோய்த் தொற்று, மிக இளம் வயதில் கர்ப்பம், இரண்டு பிரசவத்துக்கு இடையே போதிய இடைவெளி இல்லாமை ஆகியவை காரணமாகலாம். பல பேருக்குக் காரணமே தெரிவதில்லை. குற்றம் சொல்லி அழவைத்த தாய்க்குப் பால் சரியாக இறங்காது. தேறுதல் சொல்லுங்கள், குழந்தைக்கும் அது நல்லது.

ஒரு வீட்டில் நடந்தது

ஒரு மார்கழி மாதக் காலையில் கிராம சுகாதாரச் செவிலியருடன் ஒரு வீட்டுக்குப் போனோம். தலைப்பிரசவம், அதனால் பெண் தாய் வீட்டில் இருந்தாள். 32 வாரத்தில் பிறந்த குழந்தை. பிறந்தபோது எடை 1 கிலோ 400 கிராம். 28 நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, 1 கிலோ 850 கிராம் ஆனதும் வீட்டுக்கு வந்தது. நாங்கள் போனது மூன்றாம் நாள்.

குழந்தை தூளியில் கிடந்தது. பாதத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தது. வயிற்றைத் தொட்டோம், அதுவும் சில்லென்றே இருந்தது. "காலையிலேருந்து பால் குடிக்க மாட்டேங்குது. நல்லாத் தூங்குதுன்னு விட்டுட்டோம்" என்றாள் தாய். விசாரித்ததில், விடியற்காலையில் பாட்டி எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி புகை காட்டியிருந்தார். ஆஸ்பத்திரி வாடை போகட்டும் என்று செய்தது.

செவிலியர் ஈரத்துணியைக் களைந்து, குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் வைத்துப் போர்த்தி, தலைக்குக் குல்லாய் போட்டார். 108 வண்டிக்குச் சொல்லி, மார்பில் வைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

பாட்டி அழுதார். "நாலு பெத்து வளர்த்தவ நான். நல்லதுன்னு நினைச்சுத்தானே நர்சம்மா செஞ்சேன்!"

அவர் சொன்னது உண்மை. நிறைமாதக் குழந்தைக்குத் தாங்கும் காரியம் குறைமாதக் குழந்தைக்குத் தாங்காது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் தாய்க்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் வீட்டில் முடிவு செய்கிறவர் பாட்டி. பெற்ற பெண்ணால் "வேண்டாம்மா" என்று அழுத்திச் சொல்ல முடியவில்லை. தவறு பாட்டியுடையது அல்ல. அவருக்குப் பாடம் சொல்லாத எங்களுடையது. அடுத்த வாரம் போனபோது, தாய் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பாட்டியே குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு திண்ணை ஓரம் உட்கார்ந்திருந்தார். இப்போது பாட்டிக்கும் அப்பாவுக்கும் சேர்த்தே பாடம் நடத்துகிறோம்.

முதல் வேலை: சூடு காப்பது

குறைமாதக் குழந்தைக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. உடம்பு குளிர்ந்தால், குடித்த பாலின் சக்தி எல்லாம் சூடு உண்டாக்கவே செலவாகிவிடும். எடை ஏறாது. மேலும் குளிர்ந்தால் மூச்சே தடுமாறும்.

இதற்கு மிக நல்ல மருந்து மனித உடம்பின் சூடு. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978இல் எட்கர் ரே என்ற டாக்டர், போதிய இன்குபேட்டர் பெட்டிகள் இல்லாத நிலையில், குழந்தைகளைத் தாயின் மார்பிலேயே வைத்துக் காக்கும் வழியைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக்கொள்வது போல என்பதால் இதற்குக் கங்காரு முறை என்று பெயர். இல்லாதவர்களுக்கான மாற்று வழி என்று தொடங்கியது, இன்று முதல்தர சிகிச்சை ஆகிவிட்டது. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆராய்ச்சியில், பிறந்தவுடனே இப்படி மார்பில் வைக்கப்பட்ட சின்னக் குழந்தைகளிடையே முதல் 28 நாளில் இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது. அரியானா மாநிலத்தில் வீடுகளிலேயே இதைச் செய்யவைத்துப் பார்த்ததிலும், 2019இல் வெளியான முடிவுப்படி, இறப்பு குறைந்தது. ஆகவே இது வீட்டில் முடிகிற காரியம்.

செய்யும் விதம் இது:

1. குழந்தைக்குக் குல்லாய், காலுறை, இடுப்புத் துணி மட்டும் இருக்கட்டும். மார்பும் வயிறும் திறந்திருக்க வேண்டும்.

2. தாய் ரவிக்கையைத் தளர்த்தி, இரு மார்புக்கும் நடுவில் குழந்தையை நிமிர்த்தி வைக்க வேண்டும். தோலும் தோலும் ஒட்ட வேண்டும்.

3. குழந்தையின் தலை ஒரு பக்கம் திரும்பி இருக்கட்டும். மோவாய் சற்றே தூக்கி இருக்கட்டும். மூக்கும் வாயும் மூடிப்போகக் கூடாது. கால்கள் தவளை போல மடங்கி இருக்கட்டும்.

4. மெல்லிய பருத்திப் புடவையாலோ நீளத் துண்டாலோ குழந்தை நழுவாதபடி கட்டிக்கொள்ளுங்கள். மேலே ரவிக்கையோ போர்வையோ மூடட்டும்.

5. முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். மட்டமல்லாக்கப் படுக்க வேண்டாம். கட்டிக்கொண்டு நடக்கலாம், பேசலாம். அடுப்படிக்கு மட்டும் போகாதீர்கள்.

ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் தந்த அறிவுரைப்படி ஒரு நாளில் 8 மணி முதல் 24 மணி வரை, முடிந்த மட்டும் அதிகமாக வைக்க வேண்டும். ஒரே ஆளால் முடியாது. தாய் குளிக்கவும் சாப்பிடவும் தூங்கவும் வேண்டாமா? அப்போது அப்பா வைத்துக்கொள்ளட்டும். ஆண்பிள்ளை மார்பிலும் அதே சூடுதான். பாட்டி, அத்தை, சித்தி யாரும் வைக்கலாம். சளி, காய்ச்சல், தோல் நோய் இல்லாதவராக இருந்தால் சரி. குழந்தை இரண்டரைக் கிலோ வாக்கில் வந்ததும் நெளிந்து நெளிந்து தானே வெளியேறப் பார்க்கும். அப்போது நிறுத்திக்கொள்ளலாம்.

சூடு பார்க்க இரண்டு வழி. ஒன்று கை. புறங்கையால் பாதத்தையும் வயிற்றையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு வெதுவெதுப்பு, பாதம் சில்லிப்பு என்றால் குளிர் ஏறுகிறது. உடனே மார்பில் வையுங்கள். இரண்டும் சில்லிட்டிருந்தால் ஆபத்து. மார்பில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மற்றொன்று தெர்மாமீட்டர். அக்குளில் வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 97.7 முதல் 99.5 டிகிரி பாரன்ஹீட், இருக்க வேண்டும்.

தலைக்கு ஊற்றும் குளியல் இப்போது வேண்டாம். டாக்டர் சரி என்று சொல்லும் வரை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு பாகமாகத் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். மின்விசிறிக் காற்று நேராகப் படக் கூடாது. அதற்காகச் சித்திரை வெயிலில் நாலு கம்பளி சுற்றவும் கூடாது. சூடு மிஞ்சினாலும் கெடுதல்தான்.

இரண்டாம் வேலை: பால்

தாய்ப்பால் மட்டும். தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், பசும்பால், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பாலில் கலக்கும் சத்துப் பொடியை டாக்டரே எழுதித் தருவார். அதை அவர் சொன்ன அளவில் மட்டும் கொடுக்க வேண்டும். தாய்க்குப் பால் போதவில்லை என்று தோன்றினால், டின் வாங்கும் முன் டாக்டரையோ செவிலியரையோ கேளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும், கொடுக்க வேண்டும். நிறைமாதக் குழந்தை பசித்தால் வீரிட்டு அழும். குறைமாதக் குழந்தைக்கு அழவும் தெம்பு இருக்காது. "நல்லாத் தூங்குது, எழுப்பாதே" என்பது இங்கே பொருந்தாது. பாதத்தை மெல்லத் தடவி எழுப்பிக் கொடுங்கள். இரவு ஒரு முறை எழுப்புகிற பொறுப்பை அப்பா ஏற்றுக்கொள்ளலாம்.

மார்பில் குடிக்கையில் சீக்கிரம் களைத்துவிட்டால், பாலைக் கையால் கறந்து பாலாடையில் கொடுங்கள். நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரிந்த அதே சங்குதான். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். மூக்கைப் பிடித்துப் புகட்டுவது, படுக்கப்போட்டு ஊற்றுவது இரண்டும் உயிருக்கே ஆபத்து. பாட்டில் வேண்டவே வேண்டாம். அதன் ரப்பரும் கழுத்தும் சரியாகச் சுத்தமாகாது. அதில் பழகிய குழந்தை மார்பைப் பிடிக்கவும் மறுக்கும். பாலாடையை ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுங்கள். கறந்த பாலை மூடி, நிழலான குளிர்ந்த இடத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. பால் கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் போதும்.

பால் போதுகிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு நாளில் ஆறு முதல் எட்டுத் தடவை சிறுநீர் போனால் போதுகிறது. எடை ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். வாரம் ஒரு முறை செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரே தராசில் நிறுத்து, அட்டையில் எழுதி வாங்குங்கள்.

மூன்றாம் வேலை: சுத்தம்

தொடுகிற ஒவ்வொருவரும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவித் துடைத்த பிறகே தொட வேண்டும். வெளியிலிருந்து வரும் அப்பாவும் இதற்கு விலக்கு அல்ல. குழந்தை இருக்கும் இடத்தில் ஒரு சோப்பும் ஒரு செம்புத் தண்ணீரும் தயாராக வைத்துவிட்டால் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

பார்க்க வருகிறவர்கள் வாசலோடு பார்த்துப் போகட்டும். இதைச் சொல்லத் தாய்க்குக் கூச்சமாக இருக்கும். பாட்டி சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். "டாக்டர் ரெண்டு மாசம் யாரும் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, கோவிச்சுக்காதீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். முத்தம் கொடுக்க வேண்டாம். சளி பிடித்தவர் அருகில் வரவே வேண்டாம். தாய்க்கே சளி என்றால், மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொண்டு பால் கொடுக்கலாம். பாலை நிறுத்தக் கூடாது.

பீடி, சிகரெட் புகை, அடுப்புப் புகை, கொசுவர்த்திப் புகை எல்லாம் பிஞ்சு நுரையீரலுக்கு விரோதம். கொசுவலை கட்டுங்கள். தொப்புளில் எதையும் வைக்காதீர்கள்.

நான்காம் வேலை: கண்காணிப்பு

கீழே சொன்ன அறிகுறிகளில் ஒன்று கண்டாலும், விடியட்டும், சந்தை முடியட்டும் என்று காத்திராமல் 108க்குச் சொல்லுங்கள்.

1. பால் குடிக்க மறுக்கிறது, அல்லது முன்பு குடித்ததில் பாதிகூடக் குடிக்கவில்லை.
2. துவண்டு கிடக்கிறது. எழுப்பினாலும் அசைவு இல்லை.
3. அமைதியாக இருக்கையில் ஒரு முழு நிமிடம் எண்ணினால் மூச்சு 60 அல்லது அதற்கு மேல். மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. முனகுகிறது.
4. மூச்சு நின்று நின்று வருகிறது. உதடும் நாக்கும் நீலம் பாய்கின்றன.
5. உடம்பு சில்லிட்டு, மார்பில் வைத்தும் சூடு ஏறவில்லை. அல்லது காய்ச்சல் அடிக்கிறது.
6. வலிப்பு. கை கால் வெட்டி இழுக்கிறது.
7. உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்டன.
8. பச்சையாக வாந்தி. வயிறு உப்பல். மலத்தில் இரத்தம்.
9. தொப்புளில் சீழ், சுற்றிலும் சிவப்பு.

வண்டியில் போகும்போதும் குழந்தை மார்பிலேயே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை மறக்காதீர்கள். செலவுக்குப் பயந்து தாமதிக்க வேண்டாம். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு ஆஸ்பத்திரியில் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம். இது ஒரு வயது வரைக்கும் உண்டு.

தவறவிடக் கூடாத தேதிகள்

கண் பரிசோதனை: இதை முக்கியமாகப் படியுங்கள். கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் நிறைமாதத்தில்தான் முழுதாக வளர்ந்து முடிகின்றன. முன்பே பிறந்த குழந்தைக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையை இழுத்துக் கிழிக்கலாம். வெளியே பார்த்தால் கண் சாதாரணமாகவே இருக்கும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்து பிறந்த குழந்தைக்கும், பிறந்த 30 நாளுக்குள் கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். கோளாறு இருந்தால் லேசர் மூலமோ ஊசி மூலமோ சரிசெய்யலாம். ஆனால் கண்டுபிடித்த இரண்டு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும்.

ஒரு குடும்பம், "முழிச்சு முழிச்சுப் பார்க்குது, கண்ணுக்கு என்ன குறை?" என்று அந்தத் தேதியை விட்டுவிட்டது. மூன்றாம் மாதம் விளக்கைப் பார்த்துக் குழந்தை திரும்பவில்லை என்று கொண்டுவந்தார்கள். ஒரு கண்ணைத்தான் ஓரளவு காப்பாற்ற முடிந்தது. ஒரு முறை பார்த்தால் போதாது. "இனி வர வேண்டாம்" என்று கண் டாக்டர் சொல்லும் வரை சொன்ன தேதியில் போக வேண்டும்.

காது பரிசோதனை: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை. சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். காது கேட்டால்தான் பேச்சு வரும்.

தடுப்பூசி: 6, 10, 14 வாரம் என்று பிறந்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும். "எடை ஏறட்டும், அப்புறம் போடலாம்" என்று தள்ளாதீர்கள். பிறந்தவுடன் போடவேண்டிய ஊசி ஏதாவது விட்டுப்போயிருந்தால் எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்து: வைட்டமின் டி, இரும்புச் சத்து மருந்துகளை டாக்டர் எழுதித் தருவார். கடையில் கிடைக்கும் வைட்டமின் டி மருந்தில் ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ளதும் உண்டு, 800 யூனிட் உள்ளதும் உண்டு. மருந்தின் பெயரைச் சொல்லி வாங்கிவந்து பழைய கணக்கில் ஊற்றாதீர்கள். புதுப் பாட்டில் வாங்கும்போதெல்லாம் சீட்டோடு ஒத்துப் பாருங்கள்.

வயதை எப்படிக் கணக்கிடுவது?

"பக்கத்து வீட்டுப் பிள்ளை கழுத்து நின்னுடுச்சு. எங்களது இன்னும் நிக்கலையே!" என்று கவலைப்படுவார்கள். எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தை எட்டு வாரம், அதாவது இரண்டு மாதம், முந்தி வந்தது. அதற்குப் பிறந்து ஐந்து மாதம் என்றால், வளர்ச்சிக் கணக்கில் மூன்று மாதம்தான். மூன்று மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் சரி. இரண்டு வயது வரை இப்படிப் பாருங்கள். கழித்துப் பார்த்தும் பின்தங்கினால், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ இயங்கும் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குக் கொண்டு போங்கள். சீக்கிரம் தொடங்கிய பயிற்சிக்குப் பலன் அதிகம். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கணக்கு கிடையாது.

பெரியவர்கள் கேட்கும் கேள்விகள்

"ஏழு மாசக் குழந்தை தங்கும், எட்டு மாசக் குழந்தை தங்காதுன்னு சொல்றாங்களே?"

இல்லை. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம். ஏழாம் மாதக் குழந்தையைவிட எட்டாம் மாதக் குழந்தை பிழைக்கும் வாய்ப்பே அதிகம். "தங்காது" என்று மனசை விட்டு, கவனிக்காமல் விடுவதுதான் அந்தப் பேச்சால் வரும் ஆபத்து.

"உரை மருந்து கொடுக்கலாமா? காதிலே மூக்கிலே எண்ணெய் விடலாமா?"

உரை மருந்து வேண்டாம். கல்லில் உரைக்கையில் கிருமி சேரும், அளவும் தெரியாது. காதில் எண்ணெய் விட வேண்டாம். மூக்கிலோ வாயிலோ எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் ஆகலாம். வாயால் ஊதி எடுப்பது, தொக்கம் எடுப்பது எதுவும் கூடாது. டாக்டர் சம்மதித்த பிறகு, கதகதப்பான அறையில் உடம்புக்கு மட்டும் மெல்ல எண்ணெய் தடவலாம். அதற்குப் பாட்டியின் கைதான் பக்குவமான கை.

"தூளியிலே போடலாமா?"

சில மாதம் போகட்டும். தூளியில் கழுத்து மடங்கி மூச்சுக் குழாய் அடைபடலாம். மார்பில் இல்லாத நேரம், கெட்டியான சமமான விரிப்பில் மல்லாத்திப் படுக்கவையுங்கள். முகத்தருகே தலையணை, தளர்ந்த துணி எதுவும் வேண்டாம்.

"தீட்டு கழியற வரைக்கும் அப்பா தொடலாமா?"

கையைக் கழுவிவிட்டுத் தாராளமாகத் தொடலாம். இந்தக் குழந்தைக்கு அப்பாவின் மார்புச் சூடும் மருந்து.

"பேர் வைக்கிற விசேஷத்தை எப்ப வச்சுக்கலாம்?"

பெயரை இன்றே வையுங்கள். கூட்டத்தைக் கூட்டும் விருந்தை மட்டும் குழந்தை தேறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தாயையும் பாருங்கள்

ஒரு மாதமாக ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிடந்து வந்தவள் தாய். அவளுக்கு மூன்று வேளையும் வயிறாரச் சாப்பாடு, கீரை, பருப்பு, முட்டை, நிறையத் தண்ணீர் வேண்டும். பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடாதீர்கள். இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். காரணமில்லாமல் அழுகை, தூக்கமின்மை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பேய் பிசாசு என்று சொல்லாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அது குணமாகக்கூடிய நோய்.

அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு போகட்டும். சீக்கிரமே உண்டானால் அடுத்ததும் குறைப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடும். காப்பர்-டி, ஊசி, ஆணுறை என்று வழிகள் பல உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து செவிலியரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். அடுத்த கர்ப்பத்தில் முதல் மாதமே பதிவு செய்து, முன்பு குறைப்பிரசவம் ஆனதைச் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

ஆஸ்பத்திரி அட்டை கையில் இருக்கிறதா? மருந்தின் அளவை நர்ஸ் முன்னால் நீங்களே ஒரு முறை ஊற்றிக் காட்டினீர்களா? கண், காது, எடை, தடுப்பூசித் தேதிகளை எழுதி வாங்கினீர்களா? சந்தேகம் கேட்க யாருக்குப் போன் செய்வது என்று தெரியுமா? வீட்டில் குழந்தையைப் பார்க்கப்போகும் பாட்டியும் அப்பாவும் ஒரு முறையாவது வார்டுக்கு வந்து, மார்பில் வைக்கவும் பாலாடையில் கொடுக்கவும் கற்றுக்கொண்டார்களா? இதற்கெல்லாம் "ஆமாம்" என்று பதில் வந்தால் தைரியமாகக் கிளம்புங்கள்.

நினைவில் வையுங்கள்

சூடு: மார்பே தொட்டில்.
பால்: தாய்ப்பால் மட்டும், எழுப்பிக் கொடுங்கள்.
சுத்தம்: கை கழுவாமல் தொடாதீர்கள்.
கண்காணிப்பு: ஆபத்து அறிகுறி ஒன்று கண்டாலும் காத்திருக்காதீர்கள்.

இதைப் படித்து முடித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். குழந்தை படுத்திருக்கும் இடத்துக்கு எதிர்ச் சுவரில், எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள். எழுத்துத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இன்று சாயந்திரமே அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.